நல்ல காலில் கட்டு

ஷெட்டில் நின்ற பஸ்ஸின் ஃபுட்போர்டில் உட்கார்ந்து, காசிம் பாய் தன் இடது முழங்காலுக்குக் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் துணியின் முனையைப் பல்லால் கடித்து இழுத்தார்.

நல்ல வெயில். ஷெட் முழுக்க கிரீஸ் வாசனை. அதோடு, மாமல்லபுரம் வண்டியின் கூரையில் வரும் கருவாட்டுக் கூடைகளின் வாசனை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கொளவாய் ஏரிப் பக்கத்து மைதானத்தில் எங்களுக்குக் கால்பந்து செமி ஃபைனல்.

நான் எதிரே நின்று என் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் கட்டைப் பார்த்ததும் சுற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். இடது காலில் கட்டு என்றால், கெட்டுப்போனது வலது கால்.

"இன்னா டேவிட்டு, பேயைப் பாத்தாப்புல கீற?" என்றார் காசிம் பாய்.

"ஒண்ணுமில்ல பாய்."

"அப்போ நாஸ்தா துன்னலியா? மூஞ்சி தொங்கிப்போச்சே?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, முதலாளியின் கணக்குப்பிள்ளை பல்லைக் குத்திக்கொண்டு நின்றிருந்தார். அவர் காதில் விழுகிற மாதிரி எதையும் கேட்க முடியாது.

பிள்ளைகளே, இடது காலில் கட்டு இருந்தால் வலது கால் எப்படிக் கெட்டது ஆகும் என்று கேட்பீர்கள். உங்களில் சின்னவளும் முன்பு இதைத்தான் கேட்டாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக முடியும்.

எங்கள் வழக்கம்

நான் ஐந்தாவது வரைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எனக்கு பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலை கிடைத்தது படிப்பால் இல்லை, காலால்.

எங்கள் முதலாளிக்குக் கால்பந்து என்றால் உயிர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் வண்டிகள் அவருடையவை. டிரைவர், கண்டக்டர், கிளீனர் யாரை எடுத்தாலும் முதலில் மைதானத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார். ஆடத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. ஆட முடியாமல் போனால் வேலையும் போகும்.

இது சும்மா பேச்சுக்குச் சொன்னது இல்லை. எங்களோடு ஆடிய கண்டக்டர் ஒருவருக்கு அந்த வருஷம் தோளெலும்பு உடைந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வருவதற்குள், அவருடைய தோல் பை இன்னொருவன் தோளில் தொங்கியது.

அதனால் நாங்கள் அடிபட்ட காலை இரண்டு பேரிடமிருந்து மறைக்க வேண்டும். ஒருவர் எதிராளி. இன்னொருவர் எங்கள் முதலாளி.

எதிராளி முதலில் பார்ப்பது கட்டு எந்தக் காலில் இருக்கிறது என்பதைத்தான். கட்டுள்ள காலில் பந்தைத் தட்டுகிற சாக்கில் ஓர் உதை விட்டால், அந்த ஆள் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே எங்கள் ஆட்கள் வலிக்கிற காலைச் சும்மா விட்டுவிட்டு, நல்ல காலுக்குக் கட்டுப் போடுவார்கள். அடி நல்ல காலில் விழும். நல்ல கால் தாங்கிக்கொள்ளும். கட்டோடு நொண்டாமல் ஓடினால் முதலாளியும் கண்டுகொள்ள மாட்டார்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்தக் காலில் வலி என்று யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கட்டைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். ஷெட்டில் சுவருக்குக் காது இருந்ததோ இல்லையோ, கணக்குப்பிள்ளைக்கு இருந்தது.

காசிம் பாய் எனக்கு ஏழெட்டு வயசு மூத்தவர். சதுரங்கப்பட்டினத்துக்காரர். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், கண் தெரியாத அத்தா. அந்தக் கண்டக்டர் பைதான் அத்தனை பேருக்கும் சோறு. முந்தின மேட்ச்சில் கோல் வாசலில் ஒரு குவியலாக நாலைந்து பேர் விழுந்தோம். அடியில் கிடந்தவர் அவர். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "சொம்மா சிராய்ப்புதான்" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் வண்டி இரவில் மாமல்லபுரத்திலேயே தங்குகிற வண்டி. அந்த வாரம் முழுக்க நாங்கள் அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

இப்போது கட்டைப் பார்த்தேன். சிராய்ப்புக்கு யாரும் இவ்வளவு இறுக்கிக் கட்ட மாட்டார்கள்.

பதினொன்றுக்கு மேல் ஆள் இல்லை

இப்போது டிவியில் பார்க்கிறீர்கள். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இன்னொருவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடி வருகிறான். எங்கள் காலத்தில் அது கிடையாது. பதினோரு பேர் இறங்கினால் அந்தப் பதினோரு பேர்தான். ஒருவன் விழுந்தால் பத்துப் பேர்.

விழுந்தவன் எப்படியாவது எழுந்து நிற்க முடிந்தால், அவனைக் கொண்டுபோய் முன்னால் இடது ஓரத்தில், கோட்டுப் பக்கமாக நிறுத்துவோம். அவன் ஆட மாட்டான், நிற்பான். அவன் நிற்பதால் எதிராளியில் ஒருவனும் அவனுக்குக் காவல் நிற்க வேண்டும். அந்த அளவுக்கு லாபம். ஆனால் ஓரத்தில் ஒருவன் சும்மா நின்றால், சோடா விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும், இவன் கால் போய்விட்டது என்று.

எங்கள் ஆட்டத்தில் கோலிக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக் இரண்டு பேர். வலது பக்கம் காசிம் பாய், இடது பக்கம் நான். எங்களுக்கு முன்னால், நடு மைதானத்தில், ஆஃப் என்று மூன்று பேர். மீதி ஐந்து பேரும் கோல் அடிக்கப் போகிறவர்கள். ஆக, எதிராளி எங்கள் ஆஃபைத் தாண்டிவிட்டால் அப்புறம் நாங்கள் இரண்டே பேர்.

அந்த வருஷத் தொடக்கத்தில் பின்னால் நின்று ஆடத் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருந்தார்கள். தோளெலும்பு உடைந்தவர் போனார். இன்னொருவர் டைபாய்டில் படுத்தார். தனகோபால் என்று ஒருவன், வலது ஆஃப், நல்ல ஆட்டக்காரன், மதராஸில் ஒரு மில்லில் வேலை கிடைத்து அவர்கள் அணிக்கே போய்விட்டான். மாற்றி நிறுத்த ஆள் இருந்திருந்தால் காசிம் பாய் அன்றைக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கலாம்.

மணலில் கற்ற ஆட்டம்

தனகோபால் இடத்துக்கு எங்கள் கேப்டன் கன்னியப்பன் அண்ணன் பிடித்து வந்த ஆள் ஏழுமலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக்காரன், மீன்பிடிக்கிறவன். கன்னியப்பன் அண்ணன் டிரைவர். மாமல்லபுரத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் கடற்கரையில் மீனவர்களோடு பந்து உதைப்பார். அங்கேதான் ஏழுமலையைப் பார்த்தார்.

நானும் ஒருதரம் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். வலை உலர்த்தும் இடத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே ஆடுவார்கள். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருப்பார்கள். தோல் பந்து உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்துத் தேங்காய் மாதிரி கனக்கும். ஏழுமலை மோதினால் எதிரே வந்தவன் மணலில் புதைவான்.

அவனிடம் ஒரே ஒரு சங்கடம். மணலில் பந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே அடங்கிவிடும். அதனால் அவனுக்குப் பந்து அடங்கட்டும் என்று காத்து நிற்கிற பழக்கம். செங்கல்பட்டு மைதானம் சரளை மண். அங்கே பந்து விழுந்தால் அடங்காது, சறுக்கிக்கொண்டு பறக்கும்.

"தரைடா இது, மணல் இல்ல! நிக்காத, போ!" என்று கன்னியப்பன் அண்ணன் பயிற்சி நேரமெல்லாம் கத்துவார்.

"வரட்டும் அண்ணாத்த, எங்க போவப்போவுது?" என்பான் ஏழுமலை. அதற்குள் பந்து போயிருக்கும்.

எதிர்ப்பக்கம் தெரிந்த முகம்

மைதானத்தில் கூட்டம் கோடு வரைக்கும் நெருக்கியடித்து நின்றது. ஏரிக் காற்றில் புழுதி பறந்து பல்லில் நறநறத்தது. நடுக்கோட்டுக்கு நேரே, குடை நிழலில், நாற்காலியில் எங்கள் முதலாளி. பக்கத்தில் கணக்குப்பிள்ளை.

எதிர் அணி மதராஸ் மில்காரர்கள். அத்தனை பேர் காலிலும் பூட்ஸ். நாங்கள் வெறுங்கால்.

கன்னியப்பன் அண்ணன் திடீரென்று என் கையைப் பிடித்தார். "டேவிட்டு, அங்க பாரு. யாரு கீறான்னு பாரு."

மில் அணியின் வரிசையில் தனகோபால் நின்றிருந்தான். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். அப்புறம் பக்கத்தில் நின்ற சுருட்டை முடிக்காரனிடம் ஏதோ சொன்னான். அவர்கள் இரண்டு பேரும் காசிம் பாயின் காலைப் பார்த்தார்கள்.

எங்கள் வழக்கம் தெரிந்தவன் அந்தப் பக்கம் நிற்கிறான்! கட்டு இல்லாத வலது கால்தான் கெட்ட கால் என்று அவனுக்குத் தெரியும்.

கன்னியப்பன் அண்ணன் சுறுசுறுப்பாகிவிட்டார். அவர் ஆடுவது நடு ஆஃப். "ஏழுமலை, நீ பாயோட வலப்பக்கமே நில்லு, கோட்ட வுட்டு வராத. நானும் அந்தப் பக்கம் சாஞ்சிக்கிறேன். டேவிட்டு, நீ ஒரு கண்ணு நடுவுல வச்சிக்க."

காசிம் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார்.

தனகோபால் சொல்லிக் கொடுத்தபடியே மில்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பந்தும் காசிம் பாயின் வலது பக்கம். சுருட்டை முடிக்காரன் பூட்ஸ் காலைத் தூக்கிக்கொண்டு வந்து மோதினான். பந்தோடு சேர்த்து முழங்காலைத் தேடினான். எனக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் காசிம் பாய் அந்த வலது காலை ஊன்றினார், நீட்டினார், அதே காலால் பந்தை வெட்டி எடுத்து ரயில்பாதைப் பக்கம் உதைத்தார். கூட்டம் "பாய்! பாய்!" என்று கத்தியது. கெட்ட காலில் ஒரு மனிதன் இப்படி ஆட முடியுமா என்று நான் அசந்துபோனேன்.

நடுவில் ஒருதரம் அவர் என்னைப் பார்த்துத் தன் இடது பக்கத்தைக் கையால் காட்டினார். நான் புரிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி வரச் சொல்கிறார் என்று நினைத்து ஓரடி நகர்ந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பந்து தவறிப்போய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வந்தது. மில்காரர்களே திட்டம் போட்டு அனுப்பிய பந்து இல்லை அது. யாரோ ஒருவன் காலில் பட்டுத் தெறித்து வந்தது. காசிம் பாய் இடது காலை ஊன்றித் திரும்பினார். கட்டுப் போட்ட கால். நல்ல கால் என்று நாங்கள் எல்லோரும் நம்பிய கால்.

அது மடிந்தது. ஈரத்துணி மாதிரி மடிந்தது.

சத்தம் போடாமல் கையை ஊன்றி உட்கார்ந்தார். கன்னியப்பன் அண்ணன் நடுவில் இல்லை, அவரும் ஏழுமலையும் வலது கோட்டோரம் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப் போவதற்குள் அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு உள்ளே போய்விட்டான். எங்கள் கோலி சூசை தாவினான், கைக்கு எட்டவில்லை.

ஒன்றுக்கு சைபர்.

காசிம் பாய் உடனே எழுந்து நின்றுவிட்டார். குனிந்து காலில் முள் எடுக்கிறவர் மாதிரி பாவனை செய்தார். நான் முதலாளியின் குடையைப் பார்த்தேன். அவர் கணக்குப்பிள்ளை பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில்

இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு மைதானத்தின் மூலையில் வட்டமாக உட்கார்ந்தோம். கன்னியப்பன் அண்ணனுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

"இன்னா பாய் இது? கெட்ட கால்ல கட்டிகினு வந்தியா?"

"தனகோபால் அந்தப் பக்கம் ஆடுறான்னு மதராஸ் போய்ட்டு வந்த தேவனேரி சனங்க வண்டில பேசிகினு வந்தாங்க. அவனுக்கு நம்ம வேல தெரியுமே. அதான் மாத்திக் கட்னேன். பாத்தல்ல? பாதி நேரம் நல்ல கால்லயே மோதிகினு கெடந்தானுங்க."

"எங்களாண்ட சொல்லக் கூடாதா?"

"எங்க சொல்றது? கணக்குப்புள்ள பக்கத்துலயே நின்னுகினு இருந்தான்." பிறகு என்னைக் காட்டினார். "இவனாண்ட சொன்னா முடிஞ்சுது. இவன் மூஞ்சியே தமுக்கு அடிக்கும். நீங்கல்லாம் வலப்பக்கம் ஓடணும், அத்தப் பாத்து அவனுங்களும் நம்பணும்னு நெனச்சேன். நடு இப்டி காலியாவும்னு நெனக்கல."

சூசை, "அடுத்தவாட்டி எனக்காச்சும் கண்ணடிச்சிடு பாய், கோல்ல நிக்கிறவன் நானு" என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கன்னியப்பன் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "பாய், நீ ஓரத்துக்குப் போயிடு. ஏழுமலைய பேக்கா எறக்குறேன்."

காசிம் பாயின் முகம் அப்போதுதான் மாறியது. "ஓரத்துல நின்னா மொதலாளிக்குத் தெரிஞ்சிடும் கன்னியப்பா. நாளைக்கு எம் பையப் புடுங்கிடுவாரு. வேணாம். பின்னாலயே வுட்டுடு."

"நீ பின்னால நின்னா மூணு கோல் வாங்குவோம். அப்போ எல்லார் பையும் போவும்."

இரண்டுமே சரி. கன்னியப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீதான்டா பக்கத்துல ஆடுற. நீ சொல்லு."

வீட்டில் உங்கள் அக்கா பிறந்து தலை நிற்காத குழந்தை. எனக்கும் ஒரு பைதான் இருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று தோன்றியது. காசிம் பாய் வலது பேக்காக நிற்கும்போது அவருடைய கெட்ட கால் மைதானத்தின் நடுப்பக்கம் இருக்கிறது. நடுவில்தான் ஆபத்து. இடது பேக்காக அவர் நின்றால் கெட்ட கால் கோட்டுப் பக்கம் போய்விடும். நடுவில் வரும் பந்துக்கு அவர் நல்ல காலை ஊன்றலாம்.

"எடத்த மாத்திக்கிறோம் அண்ணே. நான் வலப்பக்கம். பாய் எடப்பக்கம். நடுவுல வர்றது எல்லாம் என்னுது" என்றேன்.

காசிம் பாய் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "மூஞ்சிதான் சரியில்ல மச்சான். மூள கீது."

ஓரத்தில் ஒருவர்

கொஞ்ச நேரம் அது பலித்தது. மில்காரர்கள் காசிம் பாயை வலது பக்கம் தேடினார்கள், நான் நின்றிருந்தேன். நடுவில் வந்த ஒவ்வொரு பந்துக்கும் ஓடினேன். அவ்வளவு ஓடியதில் எனக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. அதற்குள் எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஒன்று அடித்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. கூட்டத்தில் தலைப்பாகைகள் மேலே பறந்தன.

அப்புறம் சுருட்டை முடிக்காரன் இடது பக்கம் மாறி வந்தான். பந்து போய் ரொம்ப நேரம் ஆன பிறகு, அவன் பூட்ஸ் காசிம் பாயின் பாதத்தின் மேல் இறங்கியது. வலது பாதம். அதுவரை நன்றாக இருந்த கால்.

ரெஃப்ரி விசில் ஊதினார். எங்களுக்கு ஃப்ரீகிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தத் தடவை காசிம் பாயே என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். இரண்டு காலையும் இழுத்து இழுத்து, அவ்வளவு பெரிய மைதானத்தில் பாதியைக் கடந்து, முன்னால் இடது ஓரத்துக்குப் போனார். அவர் போய் நின்ற இடத்துக்கு நேரே, கோட்டுக்கு அந்தப் பக்கம், முதலாளியின் நாற்காலி.

ஏழுமலை பேக்காக இறங்கினான். முதல் பந்தே உயரமாக வந்து எங்கள் முன்னால் விழுந்தது. அவன் நின்றான். அடங்கட்டும் என்று நின்றான். பந்து அவன் தோளை உரசிக்கொண்டு பறந்தது. சூசை வெளியே ஓடி வந்து மார்பால் விழுந்து தடுத்தான்.

"டேய் தேவனேரி!" என்று சூசை தரையில் கிடந்தபடியே அலறினான். "உங்கூட்டு கடல்கரையாடா இது? போயி எட்றா!"

"போறேன் நைனா, போறேன், கத்தாத!" என்று பதிலுக்குக் கத்தினான் ஏழுமலை. அடுத்த பந்துக்குப் போனான். போய் மோதியதில் பூட்ஸ் போட்டவன் இரண்டு புரள் புரண்டான். அதற்குப் பிறகு அவன் ஒரு பந்துக்கும் நிற்கவில்லை.

பத்துப் பேர் பதினோரு பேர் வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்டால், முதலில் முடியும் என்றுதான் தோன்றும். பத்தாவது ஆள் தன் இடத்தையும் பார்த்து, காலியான இடத்தையும் பார்க்கிறான். போகப் போக எல்லோருக்கும் அரையடி தாமதம் ஆகிறது. காலுக்குக் கீழே தரை தள்ளிப் போகிறது. மில்காரர்கள் அவசரப்படாமல் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி எங்களை ஓடவிட்டார்கள்.

கடைசி நேரம். தனகோபால் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி வந்துவிட்டான். சூசை முன்னால் வந்தான், அவனையும் ஏமாற்றிவிட்டு கோலைப் பார்த்துப் பந்தை உருட்டினான். நான் திரும்பிப் பார்த்தபோது கோல் கோட்டில் ஓர் ஆள்.

காசிம் பாய்.

எப்போது அங்கிருந்து புறப்பட்டார், எப்படி ஓடி வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கோல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டிப் பந்தை வெளியே தள்ளினார். தள்ளிவிட்டுக் கம்பத்தோடு சரிந்து உட்கார்ந்தார்.

அது கார்னர். கார்னரில் வந்த பந்துக்கு எங்களில் ஒருவர் குறைவு. காவல் இல்லாமல் நின்ற ஒருவன் தலையால் முட்டி உள்ளே போட்டான். உட்கார்ந்திருந்த காசிம் பாயின் தலைக்கு மேலாகத்தான் பந்து போனது.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கூட்டம் கலைந்தபோது முதலாளி குடையை மடக்கினார். எங்கள் காதில் விழட்டும் என்றே கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்: "நாளைலேர்ந்து காசிம வண்டில ஏத்தாத. நொண்டிக்கு எதுக்குய்யா பையும் விசிலும்?"

காசிம் பாய் இடது காலின் கட்டை அவிழ்த்து, அதைப் பாதியாகக் கிழித்து, இரண்டு காலுக்கும் கட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை.

காலை வண்டி

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனேன். முதல் மாமல்லபுரம் வண்டிக்கு நான்தான் கண்டக்டர், கன்னியப்பன் அண்ணன் டிரைவர். வெளியே சனங்கள் மூட்டைமுடிச்சோடு நின்றிருந்தார்கள். வெற்றிலைக் கூடைக்காரர்கள், மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள், முந்தின நாள் கோர்ட்டுக்கு வந்து இப்போது திரும்புகிறவர்கள்.

கன்னியப்பன் அண்ணன் டிரைவர் சீட்டில் இல்லை. வண்டிக்கு முன்னால், பானட்டில் சாய்ந்து நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சூசை வந்தான், நின்றான். ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். கடைசியில், இரவு ஊருக்குப் போகாமல் தங்கி ஏரியில் குளித்த ஈரத் தோளும் தலையில் முண்டாசுமாக ஏழுமலையும் வந்து நின்றான். அவன் கம்பெனி ஆளே இல்லை.

காசிம் பாய் இரவு ஊருக்குப் போக முடியாமல் அந்த வண்டிக்குள்ளேயே பின் சீட்டில் படுத்திருந்தார். "வேணாம்டா, பேஜாரு பண்ணாதீங்கடா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

முதலாளியின் கார் வந்தது.

"இன்னா, வண்டி எடுக்கல?"

"ஆள் இல்ல மொதலாளி" என்றார் கன்னியப்பன் அண்ணன்.

"ஆள் இல்லியா? கண்ணு முன்னால நிக்கிறீங்களே?"

"பத்துப் பேர்தான் மொதலாளி நிக்கிறோம்."

முதலாளியின் முகம் சிவந்தது. "நாளைக்கே வேற ஆளப் புடிச்சாந்து நிறுத்துவேன். தெரியும்ல?"

"நிறுத்துங்க மொதலாளி. இன்னிக்கு?"

முதலாளி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆடத் தெரிந்தவனைத் தவிர யாரையும் அவர் வேலைக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆகவே வண்டி ஓட்டத் தெரிந்த, டிக்கெட் கிழிக்கத் தெரிந்த ஆள் அந்த ஷெட்டில் எங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. அதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார் என்று நினைக்கிறேன். கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை அவசரமாக, "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார்.

பிறகு முதலாளியின் கண் ஏழுமலை மேல் விழுந்தது. "நீ யார்றா?"

"நேத்து பேக் ஆடுனவன் மொதலாளி."

"நீ எதுக்கு இங்க நிக்கிற?"

"பாய் எடம் காலியாச்சில்ல? அதான் நிக்கிறேன்."

வெளியே யாரோ வண்டியின் தகரத்தைத் தட்டி, "எப்பப்பா எடுப்பீங்க?" என்று சத்தம் போட்டார்கள். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் ஓரடி முன்னால் வைத்திருந்தால் மற்றவர்களும் போயிருப்போம். அது எனக்கு நிச்சயம். யாரும் வைக்கவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "அவன் எங்க?"

"உள்ள படுத்துகினு கீறாரு."

"பஸ் ஸ்டாண்டு கூண்டுல டிக்கெட் குடுக்கட்டும். ஒக்காந்த எடத்துல." காரின் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "இனிமே அவன் பந்தத் தொடக் கூடாது."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "தொட மாட்டேன் மொதலாளி. காலே வரலியே."

காசிம் பாய் அதற்குப் பிறகு ஆடவில்லை. இடது முழங்காலும் வலது பாதமும் கடைசி வரைக்கும் சரியாகவில்லை. அந்தக் கூண்டில் உட்கார்ந்துதான் மூன்று பெண்களுக்கும் நிக்காஹ் செய்து வைத்தார். ஏழுமலையையும் முதலாளியே கூப்பிட்டுக் கிளீனராகச் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்குக் கார் போனதும் கன்னியப்பன் அண்ணன் சீட்டில் ஏறினார். சனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் ஃபுட்போர்டில் நின்று விசிலை எடுத்தேன். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை ஊதியதும் வண்டி நகர்ந்தது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஃபுட்போர்டை விட்டு நகரத் தோன்றாமல், நான் ஒருவருக்கும் டிக்கெட் கிழிக்கவில்லை. அவர்களும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.